ஜூலை இதழில் ஒரு தாள்

திருப்பதி
5-11-1969

தணிகா,

நைனாவின் கார்டு வந்தது. அறுப்புப் பண்டிகை ஏலத்தில் புத்தகக் கட்டை நீதான் எடுத்தாய் என்று எழுதியிருக்கிறார். மூன்று நாளாகிவிட்டது. கட்டு எங்கே?

ஏலத்துக்கு நான் வராததன் காரணம் உனக்குத் தெரியும். ஞாயிறு காலை ஐஸ் பாக்டரியில் கம்ப்ரஸர் வால்வு உடைந்து அம்மோனியா கசிந்தது. முதலாளி கேட்டைப் பூட்டி என்னை உள்ளே நிறுத்திக்கொண்டார். இல்லாவிட்டால் சித்தூர்ச் சர்ச்சில், என் சபையில், என்னைப் பெற்ற நைனா கூவுகிற ஏலத்தில், எனக்குப் பதிலாகக் கை தூக்கு என்று ஒரு புத்தூர்க்காரனைக் கேட்டிருப்பேனா?

"ஸ்கேல் அண்ட் ஷெல்" பத்திரிகை நின்றுபோய்ப் பத்து வருஷம் ஆகிறது. இனி ஒரு இதழ்கூட அச்சாகப் போவதில்லை. உலகத்தில் இருப்பது எதுவோ அதுதான். நீயும் நானும் மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடை கடையாய்த் தூசி தின்று சேர்த்தது ஒரு கை விரலுக்குள் அடங்கும். மிஷன் டாக்டர் சீமைக்குப் போகும்போது விட்டுப்போன மூன்று வருஷத்து இதழ்கள் ஒரே கட்டாக வருகின்றன. அதை வைத்துக்கொண்டு நீ ஒரு வரி எழுதாமல் இருக்கிறாய்.

வெள்ளிக்கிழமைக்குள் முதல் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பு. கட்டைப் பிரிக்காதே. ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்: 1957 ஜூலை இருக்கிறதா? ஜூன் என்னிடம் இருக்கிறது. ஆமை முட்டை பொரிக்கிற பெட்டி பற்றிய கட்டுரையில் பாதி அதில் இருக்கிறது. பெட்டி செய்வது வரைக்கும் சொல்லிவிட்டு, "மீதி அடுத்த இதழில்" என்று போட்டு என் உயிரை எடுக்கிறான்.

இன்பசேகரன்


முருகன் துணை

சித்தூர்
9-11-1969

அன்புள்ள இன்பாவுக்குத் தணிகாசலம் எழுதிக்கொள்வது.

கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுப் பிறகு கோபப்படு.

உங்கள் சபை ஏலத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. உன் நைனா பூசணிக்காயைக் கைக்குழந்தை மாதிரி தோளில் சாத்திக்கொண்டு விலை கூவுகிறார். அடுத்தாற்போல் ஒரு சேவல். பிறகு இன்னொரு சேவல். பிறகும் ஒரு சேவல். இந்த ஊரில் எல்லாரும் ஒரே நிறத்தில் சேவல் வளர்க்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டு வந்தது. "வெள்ளக்கார டாக்டரு ஆசையா படிச்ச புஸ்தகம். உள்ள பூரா பாம்பு, பல்லி, ஆமை. யாரும் பயப்படாதீங்க, கடிக்காது" என்றார் உன் நைனா. எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காமல் கை தூக்கியவர் உங்கள் ஸ்கூல் ஞானம்மாள் டீச்சர். "படத்த எல்லாம் வெட்டி சார்ட்டுல ஒட்டினா பசங்க பார்த்துக்கினு இருக்கும்" என்று பக்கத்து அம்மாளிடம் சொன்னார். வெட்டி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் கை தானாக மேலே போய்விட்டது. நீ கொடுத்த பணம் மொத்தத்தையும் வைத்துக் கேட்டேன். மூன்று தரம் சொல்லி என் பக்கம் முடித்தார்கள்.

அப்போது உன் நைனா, "தம்பி, சபைக்கே குடுத்துடறீங்களா?" என்று கேட்டார். எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். எங்கள் கோயிலில் தேங்காய் பழத் தட்டைக் குருக்கள் கையில் கொடுத்தால், அர்ச்சனை முடிந்து தட்டு நம் கைக்கே வந்துவிடும். அந்த நினைப்பில், "குடுத்துடறேங்க" என்று சொல்லிவிட்டேன். கை தட்டினார்கள். கட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் கட்டைத் தலைக்குமேல் தூக்கி, "டாக்டரு புஸ்தகம், கேக்கறவங்க மறுபடி கேளுங்க" என்று ஆரம்பித்துவிட்டார்.

"ஐயா, அது என்னுதுங்க" என்றேன்.

"உன்னுதுதான். நீதான ஆண்டவருக்குக் குடுத்த? இப்ப ஆண்டவரோடத வித்துக்கினு இருக்கிறோம்" என்றார்.

எல்லாம் ஒரே சேவல் என்று அப்போதுதான் புரிந்தது. டீச்சர் மறுபடி கை தூக்கினார். உன் பணம் தீர்ந்துவிட்டது. கைக்கடிகாரம் வாங்கச் சேர்த்து வைத்திருந்த என் பணத்தைப் போட்டு எடுத்தேன்.

ஆக, முதல் தடவை எடுத்தது உனக்காக. அதை நீ ஆண்டவருக்குக் கொடுத்தாய். அந்தப் புண்ணியம் உன்னுடையது. இரண்டாவது தடவை எடுத்தது என்னுடையது. நியாயமாக யோசித்துப் பார்.

ஜூலை 1957 இருக்கிறது. அட்டைகூடக் கசங்கவில்லை. பஸ்ஸில் அனுப்பமாட்டேன். போன வருஷம் கண்டக்டரிடம் கொடுத்த மே இதழின்மேல் பலாப்பழத்தை வைத்துக் கொண்டுவந்தார்கள், மறந்துவிட்டாயா? ஞாயிற்றுக்கிழமை வா. உட்கார்ந்து படி. டீ இலவசம். எடுத்துப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

தணிகாசலம்


திருப்பதி
13-11-1969

தணிகாசலம்,

யோசித்துப் பார்த்தேன். நியாயம் எதுவும் தட்டுப்படவில்லை. கொடுத்துவிடுகிறாயா என்று கேட்டது என் பணத்தைப் பற்றி. பதில் சொல்ல நீ யார்? ஒரு மோட்டாரை ரிப்பேருக்குக் கொடுத்தால், மெக்கானிக் அதைத் தெருவில் தானம் பண்ணிவிட்டு, திரும்ப வாங்கி, இனி இது என்னுடையது என்பானா?

நைனா இன்னொரு கார்டு போட்டிருக்கிறார். "தணிகாசலம் சாயந்திரம் வந்து ஆமை படங்களைக் காண்பித்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். பொறுமையாகச் சொல்லுகிறார், நல்ல பிள்ளை" என்று. நான் பாலிடெக்னிக் லீவில் ஓணான் கொண்டுவந்தபோது, "சாத்தான் குட்டிய எத்துக்கினு வெளிய போடா" என்று பெட்டியோடு துரத்தியவர் அவர். என் தொட்டியை அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. உன்னோடு உட்கார்ந்து கண்ணாடி போட்டுப் பார்க்கிறாராம். கட்டு போனது போதாதென்று நைனாவையும் எடுத்துக்கொண்டாயா?

வர முடியாது. அந்தக் கட்டு உன் அலமாரியில் இருப்பதை வந்து பார்த்துவிட்டு, உன் டீயைக் குடித்துவிட்டு, வெறும் கையோடு பஸ் ஏறுவதற்கு நான் ஆளில்லை.

ஒரு செய்தி. என் பெட்டை ஆமை நேற்று முற்றத்து மண்ணில் குழி பறித்து ஐந்து முட்டை வைத்திருக்கிறது. உன் ஆமைகள் எத்தனை வருஷமாகக் கீரையைத் துன்னுக்கினு சும்மா இருக்கின்றன?

இன்பசேகரன்


முருகன் துணை

சித்தூர்
18-11-1969

அன்புள்ள இன்பாவுக்கு,

உன் கடிதத்தைச் சர்க்கரை ஆலை லேபில் நின்றபடியே படித்தேன். கையில் சாறு டெஸ்ட் பண்ணுகிற குழாய். ஐந்து என்ற இடத்துக்கு வந்ததும் அதைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தப் பெட்டையைப் புத்தூர் மலையடியில் முதலில் பார்த்தவன் நான். முதுகில் நட்சத்திரம் வரைந்தாற்போல் இருக்கிறது என்று உன்னைக் கூப்பிட்டுக் காண்பித்தவனும் நான். உன் சைக்கிளில் கூடை இருந்தது, என் சைக்கிளில் இல்லை. அந்த ஒரே காரணத்தால் அது உன் வீட்டுக்குப் போனது. வீட்டுக்கு வந்து கூடை வாங்கிக் கட்டினேன். அதற்கப்புறம் கண்ணில் பட்டதெல்லாம் ஆண்தான்.

முட்டை எவ்வளவு பெரிது? ஓடு வெள்ளையா, பழுப்பா? எந்த ஆழத்தில் வைத்தது? எழுது. எழுதமாட்டாய் என்று தெரியும்.

ஜூலை இதழை இரண்டு முறை படித்துவிட்டேன். பெட்டி செய்கிறவனுக்கெல்லாம் அவன் முதலில் சொல்வது ஒரே ஒரு விஷயம். உன் மெக்கானிக் மூளைக்கு அது ஒருநாளும் தோன்றாது. எழுதிவிடலாம்தான். எழுதமாட்டேன். நேரில் வா, சொல்லுகிறேன். உன் நைனாவும் கேட்டுக்கொண்டே இருக்கிறார், "எப்பப்பா வர்றான்?" என்று.

தணிகாசலம்


திருப்பதி
26-11-1969

தணிகாசலம்,

உன் ஒரே ஒரு விஷயத்தை நீயே வைத்துக்கொள். எனக்குத் தேவைப்படவில்லை. பெட்டி ஓடுகிறது.

பொறாமையில் வேகட்டும் என்றே விவரமாக எழுதுகிறேன். தேக்குப் பலகைப் பெட்டி, உள்ளே நாற்பது வாட் பல்பு. இஸ்திரிப் பெட்டித் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். சூடு எண்பத்தாறு டிகிரியைவிட்டு நகர்வதில்லை. இதுவரை ஜூன் இதழில் இருக்கிறது. இனி வருவது என் சொந்த வேலை. கோழிப் பண்ணை இன்குபேட்டர் இரண்டை ரிப்பேர் செய்தவன் நான். முட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்காவிட்டால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு செத்துப்போகும் என்பது எனக்குத் தெரியும். மேஜை விசிறியின் தலையாட்டுகிற கியரைக் கழற்றி, வேகத்தைக் குறைத்து, முட்டைத் தட்டில் பூட்டிவிட்டேன். இரவும் பகலும் தட்டு தானாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்கிறது. கை வைக்க வேண்டியதில்லை. அந்தச் சீமைக்காரன் இதைப் பார்த்தால் ஒரு இதழ் முழுக்க என்னைப் பற்றி எழுதியிருப்பான்.

ஒரு முட்டை மட்டும் பருமன். தட்டின் குழியில் உட்காரவில்லை. தூக்கிப்போட மனமில்லாமல் ஓட்டை விழுந்த ஹார்லிக்ஸ் டின்னில் மணலைப் போட்டுப் புதைத்து, பாக்டரியில் கம்ப்ரஸருக்கு மேலே இருக்கிற பலகையில் வைத்துவிட்டேன். அது கழிசல். மற்ற நான்கும் தங்கம்.

வீட்டுக்கார கிருஷ்ணம்மா வந்து பார்த்தாள். "ஆமை பூந்த வூடு உருப்படாதுன்றாங்க. பெருமாளே கூர்மமா வந்தாருன்றாங்க. நான் எதைன்னு நம்பறது?" என்றாள். "குட்டி பொறந்தா ஒண்ணு உங்களுக்கு" என்றேன். "எனக்கெதுக்கு நாயனா? கரண்டு பில்ல நீ கட்டிடு" என்று போய்விட்டாள்.

அவளுக்கு வேண்டுமானால் கொடுப்பேன். உனக்குக் கிடையாது. கட்டு வருகிற வரைக்கும் எனக்கு எழுதாதே.

இன்பசேகரன்


சித்தூர்
28-11-1969
பதிவுத் தபால். அவசரம்.

இன்பா,

மோட்டாரை நிறுத்து. இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே எழுந்துபோய் நிறுத்து.

ஆமை முட்டை கோழி முட்டை இல்லை. வைத்த ஒன்றிரண்டு நாளில் கரு மேல்பக்கத்து ஓட்டில் ஒட்டிக்கொள்கிறது. அங்கே இருந்தபடியேதான் வளர வேண்டும். புரட்டினால் தன் சொந்த மஞ்சள் கருவுக்கு அடியில் மூழ்கிப்போகும். கோழிக்கு எது உயிரோ அது இதற்குச் சாவு. ஜூலைக் கட்டுரை இதில்தான் ஆரம்பிக்கிறது. முட்டையின் உச்சியில் பென்சிலால் ஒரு புள்ளி வை, கடைசி வரைக்கும் அந்தப் புள்ளி மேலேயே இருக்க வேண்டும் என்கிறான். நான் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது இதைத்தான்.

நான் சொன்னால் நம்பமாட்டாய். அதனால் அந்தத் தாளையே இதோடு வைத்திருக்கிறேன். பிளேடால் வெட்டிவிட்டேன். படம் அதில்தான் இருக்கிறது.

தணிகா


திருப்பதி
3-12-1969
(கார்டு)

தணிகாசலத்துக்கு,

பதிவுத் தபால் வந்தது. வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். கவர் இத்தனை மெல்லிசாக இருக்கும்போது கட்டு உள்ளே இல்லை என்று கண்டுபிடிக்க டிப்ளமா தேவையில்லை. அவசரம் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தாய். என்ன அவசரம், குட்டி பொரிப்பதற்குள் பங்கு கேட்கவா? தட்டு நன்றாக ஓடுகிறது.

கிறிஸ்துமஸுக்கும் ஊருக்கு வரப்போவதில்லை. நைனாவுக்கு எழுதிவிட்டேன். படம் காட்ட நீ இருக்கிறாயே.

இன்பசேகரன்


சித்தூர்
11-12-1969
(கார்டு)

இன்பா,

உன் கார்டும் திரும்பின கவரும் இன்றைக்குத்தான் ஒன்றாக வந்தன. கார்டை உன்னால் திருப்பி அனுப்ப முடியாது. வாங்கும்போதே கண்ணில் பட்டுவிடும். முட்டையைத் திருப்பாதே. ஆமை முட்டையைத் திருப்பக் கூடாது. திருப்பினால் கரு செத்துவிடும். மோட்டாரைக் கழற்று. போஸ்ட்மேன் ஐயா, இவன் வாங்காவிட்டால் தயவுசெய்து சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

தணிகா


திருப்பதி
15-12-1969

தணிகா,

போஸ்ட்மேன் படித்துக் காட்டினார். வாசலில் நின்று, கிருஷ்ணம்மாவும் பக்கத்து வீட்டாரும் கேட்க.

மோட்டாரைக் கழற்றினேன். முட்டைகளைப் பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றில்கூட ரத்த நரம்பு சிவப்பாக இல்லை. எல்லாம் ஒரே கலங்கல். ஒன்றை உடைத்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. உளுந்து அளவுக்கு ஒரு உருவம், கடுகு மாதிரி இரண்டு கண். கண் வரைக்கும் வந்திருக்கிறது, தணிகா.

மற்ற மூன்றையும் உடைக்கவில்லை. நாற்றம் வருகிற வரைக்கும் வைத்திருப்பேன்.

கவரைத் திருப்பி அனுப்பினது நான். அந்தப் பன்னிரண்டு நாள் என்னைச் சேர்ந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் நவம்பர் பதினெட்டாம் தேதி உன் கையில் பேனா இருந்தது. ஒரு வரிதான். முட்டையைத் திருப்பாதே. கார்டில் எழுதினாயே, எத்தனை சின்ன வரி. அதை எழுதாமல் நேரில் வா என்று எழுதினாய். நான் வந்து உன் முன்னால் உட்கார்ந்து கேட்க வேண்டும், நீ சொல்லித்தர வேண்டும், நைனா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்காகத்தானே?

இல்லை என்று சொல். உன்னால் சொல்ல முடியுமா என்று பார்க்கிறேன்.

இன்பசேகரன்


முருகன் துணை

சித்தூர்
27-12-1969

இன்பாவுக்கு,

இல்லை என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான்.

நீ கேட்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் நீ சொல்லி நான் கேட்டுக்கொண்டிருந்தேன். முட்டையும் உனக்கே வந்தது. எனக்கு இந்த ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். நீ விசிறிக் கியரைப் பூட்டுவாய் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். உன்னை எனக்குத் தெரியாதா?

கிறிஸ்துமஸ் அன்று உன் நைனாவைப் பார்க்கப் போனேன். கேக் கொடுத்தார். "ரெண்டு பேரும் எதுக்குடா அடிச்சிக்கினு இருக்கிறீங்க?" என்றார். ஆமை முட்டை விஷயத்தைச் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அன்னிக்கு அந்த ஓணான் பொட்டிய நான் வெளிய போடச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். என்னிடம் சொன்னார், ஆனால் அது எனக்குச் சொன்னதில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

வருகிற வாரம் அவர் திருப்பதிக்கு வருகிறார். கட்டை அவர் கையில் கொடுத்திருக்கிறேன். மடியில் வைத்துக்கொண்டு வருவார், பலாப்பழம் ஏறாது. ஜூலை மட்டும் அதில் இருக்காது. தாள் வெட்டின இதழை எந்தச் சேகரிப்பிலும் வைக்க முடியாது, உனக்கே தெரியும். அதை நான் வைத்துக்கொள்கிறேன். டீச்சர் வெட்டிவிடக் கூடாது என்றுதான் எடுத்தேன். கடைசியில் நான்தான் வெட்டினேன்.

தணிகாசலம்


திருப்பதி
11-4-1970

தணிகா,

நான்கு மாதமாக எழுதவில்லை. எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. கட்டு வந்தது. நைனா இரண்டு நாள் இருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஆமைக்குக் கீரை போட்டார். "இது துன்றத பார்த்தா உங்க ஆயா வெத்தல மெல்றா மாதிரியே கீது" என்றார். கட்டை நான் இன்றுவரை பிரிக்கவில்லை. ஜூன் இருக்கிறது, ஆகஸ்ட் இருக்கிறது. நடுவில் இல்லாததுதான் கண்ணில் படும்.

நேற்றுப் பகல் ஷிப்டில் கம்ப்ரஸருக்கு எண்ணெய் விட ஏணி வைத்து ஏறினேன். பலகையில் ஹார்லிக்ஸ் டின். அதை நான் அடியோடு மறந்திருந்தேன். நவம்பரிலிருந்து ஒருவரும் தொடவில்லை. மேலே இருந்த மணல் அசைந்தது. எலி என்று நினைத்து ஸ்பேனரை ஓங்கிவிட்டேன்.

எலி இல்லை.

வாதாங்கொட்டை அளவு இருக்கிறது. முதுகில் நட்சத்திரம் இன்னும் சரியாக விழவில்லை, மஞ்சள் திட்டுதான். ஓட்டுத் துண்டு ஒன்று முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது, ஊதினேன், போய்விட்டது. கம்ப்ரஸரின் சூடு, கூரையில் ஒழுகுகிற நீரின் ஈரம், யாரும் கை வைக்காத மணல். என் தேக்குப் பெட்டி செய்யாததை ஒரு ஓட்டை டின் செய்திருக்கிறது. கழிசல் என்று எழுதியிருந்தேன். அந்தக் கடிதம் உன்னிடம் இருந்தால் கிழித்துப்போடு.

ஏணியில் நின்றுகொண்டு முதலில் யாரிடம் சொல்வது என்று நினைத்தேன். உன் முகம்தான் வந்தது. எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வா. நைனாவையும் கூட்டிக்கொண்டு வா. ஜூலை இதழையும், வெட்டின தாளையும் எடுத்து வா. கோந்து இருக்கிறது, ஒட்டிப் பார்ப்போம். ஒட்டினது தெரியும், தெரியட்டும். அதன் பிறகு கட்டை எங்கே வைப்பது என்று இரண்டு பேரும் சண்டை போடலாம்.

குட்டியை நீ பார்க்கலாம். உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார். டீ இலவசம். எடுத்துப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்று. அது இதுவரை எதையும் தின்னவில்லை. என் கையிலிருந்த கீரையை இரண்டு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. நீ வந்து கீரையை நீட்டினதும் அது தின்றுவிட்டால், அன்றைக்கே உன்னை அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். இப்போதே சொல்லிவிட்டேன்.

இன்பா